குட்டி டிராக்டரில் லோடர் மாட்டித்தரும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பட்டறை முதலாளி அண்ணன்மார்களுக்கும், அங்கே ஹோல்டரைப் பிடித்து நிற்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். நான் பொள்ளாச்சிப் பக்கத்தில் டிராக்டர் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக இதே வேலைதான். நீங்கள் முன்னால் லோடர், அதாவது அள்ளித் தூக்குகிற பக்கெட் கை, மாட்டி, பெயின்ட் அடித்து, எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்பிவைக்கும் வண்டி ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து என் கொட்டகைக்கு வருகிறது. உங்களிடம் திரும்பி வருவதில்லை. அதனால் அந்த வண்டிக்கு அப்புறம் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். சண்டைக்கு எழுதவில்லை. யார் பட்டறையில் செய்தது என்று எந்த இடத்திலும் சொல்லப்போவதும் இல்லை.

போன மாதம் ஒரு நார் மில்லிலிருந்து 27 எச்பி வண்டி வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன டிராக்டர். மில்லுக்குள் தேங்காய் மட்டையை அள்ளிப் போடுவது, நார்த்தூள் குவியலைத் தள்ளுவது, இவ்வளவுதான் அதற்கு வேலை. மண் தோண்டவில்லை, கல் தூக்கவில்லை. "ஆயில் கசியுதுங்க, சீல் போயிருக்கும், மாத்திக் குடுங்க" என்றார் உரிமையாளர். நானும் சீல் என்றுதான் நினைத்தேன். வலது பக்கம், லோடர் தூணை வண்டியோடு பிடிக்கிற பிளேட்டுக்குக் கீழே கருப்பாக எண்ணெய் படிந்து, அதன்மேல் நார்த்தூள் ஒட்டி, ஒரு கம்பளிப்பூச்சி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பிளேட்டைக் கழற்றி, தின்னர் போட்டுத் துடைத்துப் பார்த்தால் கிளட்ச் ஹவுசிங், அதாவது கிளட்சை மூடியிருக்கிற வார்ப்பிரும்புக் கூடு, சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் ஈரம்.

பழைய வித்தை ஒன்று உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து மேலே பூசினேன். வெள்ளைப் பொடியில் மெதுவாக ஒரு கோடு ஊறிவந்தது. உங்கள் பிளேட்டின் பின்வரிசைப் போல்ட் ஓட்டையில் தொடங்கி, பின்பக்கமாகச் சாய்வாக ஏறி, கியர் பாக்ஸ் சுவர் வரைக்கும் போயிருந்தது. டேப் வைத்துப் பார்த்தேன், 11 சென்டிமீட்டர். இடது பக்கத்திலும் அதே ஓட்டையில் ஆரம்பித்து நாலு சென்டிமீட்டர். இன்னும் ஒரு சீசன் ஓடியிருந்தால் அந்த வண்டி ஒருநாள் பக்கெட்டைத் தூக்கும்போது நடுவில் வாய் பிளந்திருக்கும். அப்படிப் பிளந்த வண்டியையும் நான் பார்த்திருக்கிறேன். முன்பாதி மூக்கைக் குத்தி நிற்க, பின்பாதி டிரைவரோடு மல்லாந்து கிடந்தது. அந்த ஆளுக்கு விலா எலும்போடு போனது, புண்ணியம்.

சரி, ஏன் ஒடிகிறது? "இரும்பு சரியில்லை, கம்பெனிக்காரன் ஹவுசிங்கைச் சன்னமாக ஊற்றிவிட்டான்" என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. நானும் பேசியிருக்கிறேன். அது பாதி சமாதானம்தான்.

இந்த மாதிரி லோடர் மாட்டிய சின்ன டிராக்டரை எங்கள் ஊரில் "குட்டி ஜேசிபி" என்பார்கள். அந்தப் பெயரிலேயே வில்லங்கம் இருக்கிறது. ஜேசிபி கம்பெனி 1949-இல் ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரில் மாட்டுகிற லோடரைச் செய்துதான் இந்தத் தொழிலுக்கு வந்தது. ஆனால் இன்றைக்கு ரோட்டில் நாம் பார்க்கிற மஞ்சள் வண்டிக்கு முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரே சேஸிஸ் உண்டு. என்ஜினும் கியர் பாக்ஸும் அந்தச் சேஸிஸுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. லோடர் கை சேஸிஸைத்தான் பிடித்திருக்கிறது, என்ஜினை அல்ல.

டிராக்டருக்குச் சேஸிஸ் கிடையாது. லாரிக்கு உண்டு, ஜீப்புக்கு உண்டு, டிராக்டருக்கு இல்லை. முன் ஆக்ஸில் பிராக்கெட், என்ஜின் பிளாக், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் ஹவுசிங், இத்தனையையும் ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டுச் சேர்த்தால் அதுவே வண்டியின் முதுகெலும்பு. 1917-இல் ஹென்றி ஃபோர்டு ஃபோர்ட்சன் டிராக்டரை இப்படித்தான் செய்து மலிவாக விற்றார், உலகமே அந்த வழிக்கு வந்துவிட்டது. உழவுக்கு அது போதும். கலப்பை பின்னாலிருந்து இழுக்கிறது, அந்த இழுப்பு பின் ஆக்ஸிலோடு முடிந்துவிடுகிறது. நடு உடம்புக்கு வேலை குறைவு. ஆனால் அந்த உடம்பு வார்ப்பிரும்பு. அழுத்தினால் எவ்வளவும் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ, சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடும். மைல்ட் ஸ்டீல் மாதிரி முதலில் வளைந்து காட்டி எச்சரிக்கிற குணம் அதற்கு இல்லை.

அந்த நார் மில் வண்டியை நிறுத்திவைத்து அளந்தேன். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையில் 1.6 மீட்டர். பக்கெட்டின் நடு, முன் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் முன்னால். உங்கள் லோடர் தூண் நிற்கும் பிளேட், முன் ஆக்ஸிலுக்கு 0.7 மீட்டர் பின்னால், சரியாகக் கிளட்ச் ஹவுசிங் மேல். வண்டி எடையைச் சுமார் ஆயிரம் கிலோ என்றும், அதில் முன்னால் 400, பின்னால் 600 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். லோடர் எடை ஒரு 220 கிலோ. பக்கெட்டில் 300 கிலோ ஈர மட்டை.

அந்த 300 கிலோ முன் ஆக்ஸில் மேல் 300 கிலோவாக உட்காராது. முன் ஆக்ஸிலுக்கும் முன்னால் தொங்குவதால் 525 கிலோவாக உட்கார்ந்து, பின் சக்கரத்திலிருந்து 225 கிலோவைத் தூக்கிவிடும். கிணற்று ஏற்றத்தில் ஒருபக்கம் கீழே போக மறுபக்கம் மேலே வருவது போலத்தான். லோடரின் சொந்த எடையையும் சேர்த்தால் 400 கிலோ சுமந்த முன் ஆக்ஸில் இப்போது ஏறக்குறைய 1,190 கிலோ சுமக்கிறது. மூன்று பங்கு. பின் சக்கரத்தில் மிஞ்சுவது 335 கிலோவும் டிரைவரும். பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான் இருக்கிறது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது ஆக்ஸிலைப் பற்றி அல்ல, பிளேட்டைப் பற்றி. பக்கெட்டிலிருந்து உங்கள் பிளேட் வரைக்கும் 1.9 மீட்டர். 300 கிலோவை 1.9 மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் தொங்கவிட்டு, மறுநுனியை ஹவுசிங்கில் போல்ட் போட்டுப் பிடித்தால் எப்படியோ, அப்படி. 300-ஐ 1.9-ஆல் பெருக்கினால் 570 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு. இரண்டு பக்கப் பிளேட்டும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 285. அந்தப் பிளேட்டில் முன்வரிசைப் போல்ட்டுக்கும் பின்வரிசைப் போல்ட்டுக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர்தான். அப்படியானால் ஒவ்வொரு பக்கமும் பின்வரிசையைப் பிடித்து இழுக்கிற விசை 1,425 கிலோ. ஒரு வண்டியின் எடையை விட அதிகம், விரல் தடிமனுள்ள இரண்டு போல்ட்டில். இது வண்டி அசையாமல் நிற்கும்போது. தூக்கிய பக்கெட்டை இறக்கும்போது டிரைவர் லீவரைச் சடாரென்று விட்டால் இதே விசை இரண்டு மடங்கு வரைக்கும் போகும். எந்த டிரைவர் மெதுவாக விடுகிறான்?

இதே பிளேட்டை ஒரு நீளச் சட்டத்தோடு சேர்த்து, முன்னால் பம்பர் குறுக்குச்சட்டத்திலும் பின்னால் பின் ஆக்ஸில் ஹவுசிங்கிலும் பிடித்தால், இரண்டு பிடிக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர் கிடைக்கும். 285-ஐ 1.5-ஆல் வகுத்தால் 190 கிலோ. அதே லோடர், அதே பக்கெட், அதே மட்டை. 1,425 எங்கே, 190 எங்கே. நடுவில் தூண் நிற்கிற இடத்திலும் போல்ட் இருக்கும், கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

சிலர் பாதி தூரம் வந்திருக்கிறீர்கள், அதையும் சொல்ல வேண்டும். முன்னால் பம்பரிலிருந்து சேனல் (பள்ளமாக மடித்த இரும்புச் சட்டம்) கொண்டுவந்து, கிளட்ச் ஹவுசிங்கில் பிளேட்டோடு சேர்த்து முடித்துவிடுகிறீர்கள். வெறும் பிளேட்டை விட இது எவ்வளவோ மேல். முன் ஆக்ஸில் பிராக்கெட்டையும் என்ஜின் பிளாக்கையும் இது காப்பாற்றிவிடுகிறது. ஆனால் சேனல் முடிகிற இடம் எது என்று பாருங்கள். அங்கே வரைக்கும் வண்டிக்கு இரும்புத் துணை இருக்கிறது, அதற்கு ஒரு அங்குலம் பின்னால் வெறும் வார்ப்பிரும்பு. பிரேம் எங்கே முடிகிறதோ, வண்டி அங்கேதான் ஒடிகிறது. இதுவரைக்கும் என் கொட்டகைக்கு வந்த விரிசல் எல்லாமே பிரேமின் கடைசி போல்ட்டில்தான் ஆரம்பித்திருக்கிறது, ஒன்றுகூட விதிவிலக்கில்லை.

கை ஒடிந்தால் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவாரே, முறிவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீளமாக வைத்துத்தானே கட்டுவார்? முறிவு இருக்கிற இடத்திலேயே பத்தையை முடித்தால் அது கட்டு அல்ல. வண்டியில் என்ஜினும் கிளட்ச் ஹவுசிங்கும் சேர்கிற இடம், கியர் பாக்ஸும் பின் ஆக்ஸிலும் சேர்கிற இடம், இரண்டையும் தாண்டிப் போகிற பத்தைதான் சப் பிரேம். அது பின் ஆக்ஸில் ஹவுசிங்கில் போய் முடிந்தால், அதற்குப் பின்னால் ஒடிவதற்கு வண்டியே இல்லை.

நீங்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும். முதல் காரணம் காசு. 75 எம்எம் சேனலோ, 10 எம்எம் பிளேட்டோ பின்னால் வரைக்கும் இழுத்தால் முப்பது, நாற்பது கிலோ இரும்பு கூடும், ஒரு நாள் கூலி கூடும். பக்கத்துப் பட்டறைக்காரர் அது இல்லாமல் குறைத்து விலை சொல்வார். வாடிக்கையாளர் பக்கெட் அகலத்தைப் பார்ப்பார், பெயின்ட்டைப் பார்ப்பார், கீழே குனிந்து பிரேமைப் பார்க்கமாட்டார். இது நிஜமான சிக்கல், மறுக்கவில்லை. நார் மில்காரருக்கு இப்போது புது ஹவுசிங், கூலி, வண்டி நின்ற நாள் எல்லாம் சேர்த்து லோடருக்குக் கொடுத்த விலையில் பாதிக்கு மேல் ஆகிறது. அந்த மனிதர் வாங்கும்போதே யாராவது இதை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நாற்பது கிலோ இரும்புக்குக் காசு கொடுத்திருப்பார்.

இரண்டாவது காரணம் எங்களால்தான், மெக்கானிக்குகளால். கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமென்றால் டிராக்டரை நடுவில் பிரிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சட்டம் ஓடினால் அதைக் கழற்றாமல் பிரிக்க முடியாது. "ஏண்டா இப்படி இழுத்து மாட்டியிருக்கான்" என்று திட்டுகிற முதல் ஆள் நாங்கள்தான். அந்தத் திட்டுக்குப் பயந்து நீங்கள் குட்டையாக முடிக்கிறீர்கள். சட்டத்தை இரண்டு துண்டாகச் செய்து, தூணுக்குப் பின்னால் ஒரு ஜோடி பிளேட் வைத்து நாலு போல்ட்டில் சேர்த்துவிட்டால் போதும். நான் பத்து நிமிஷத்தில் கழற்றிவிடுவேன், திட்டமாட்டேன். லோடர் கையைப் பூட்டு ஆணி உருவி இறக்கிவைப்பதற்குக் கால் மட்டும் கூடவே கொடுத்துவிடுங்கள். உழவு சீசனில் கையைக் கழற்றிவைக்காத குட்டி டிராக்டர் ரொட்டவேட்டரோடு தென்னைக்கு நடுவில் திரும்பும்போது படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பிலேயே திணறும்.

மூன்றாவதாக ஒன்று சொல்வீர்கள். "கம்பெனி லோடரே கிளட்ச் ஹவுசிங் பக்கத்தில்தானே முடிகிறது, படம் பார்த்தேன்." உண்மை. வெளிநாட்டுக் காம்பாக்ட் டிராக்டர்கள் பலவற்றில் அப்படித்தான். ஆனால் அங்கே, முக்கியமாக அமெரிக்காவில், காம்பாக்ட் டிராக்டர் வாங்குகிறவர் பெரும்பாலும் லோடரோடு சேர்த்தே வாங்குகிறார். பனி தள்ள, எரு அள்ள, தோட்டத்து மண் நகர்த்த. அதனால் அந்த வண்டியை வரையும்போதே லோடருக்கென்று தடித்த திமில்கள் (போல்ட் இறங்க மேடாக விடுகிற இடங்கள்) வைத்து வார்க்கிறார்கள், அதற்குத் தகுந்தபடி எத்தனை கிலோ தூக்கலாம் என்று ஓர் எண்ணையும் கட்டிவிடுகிறார்கள். நம் ஊரில் விற்கிற 20, 25 எச்பி வண்டிகளில் பெரும்பாலானவை இடையுழவுக்கும் மருந்தடிக்கவும் ரொட்டவேட்டருக்கும் என்று வருபவை. லோடர் நாம் அப்புறமாக யோசித்தது. அந்தத் திமில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் பிடிக்கிற ஓட்டை, ஸ்டெப் பலகைக்கோ டூல் பாக்ஸுக்கோ என்று கம்பெனி விட்டுவைத்த ஓட்டையாகவும் இருக்கலாம். நார் மில் வண்டியில் அப்படித்தான் இருந்தது.

போல்ட் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரேம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்டறையில் கெடுவது இங்கேதான். போல்ட் குறுக்கே நின்று பாரத்தைத் தாங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. நன்றாக முறுக்கிய போல்ட் பிளேட்டையும் ஹவுசிங்கையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் வருகிற உராய்வுதான் பாரத்தைக் கடத்துகிறது. போல்ட் தளர்ந்தால் உராய்வு போச்சு. பிளேட் ஒவ்வொரு தூக்கலுக்கும் அரை மில்லிமீட்டர் ஆடும், போல்ட்டை உளி மாதிரி இடிக்கும். ஓட்டை முட்டை வடிவமாகும். முட்டையாகிப் போன ஓட்டையை நான் வாரத்துக்கு ஒன்று பார்க்கிறேன்.

தளர்வதற்குக் காரணம் பல நேரம் உங்கள் பெயின்ட்தான். பட்டி பூசி, பிரைமர் அடித்து, இரண்டு கோட் பளபளவென்று அடித்து, அதற்குமேல் பிளேட்டை வைத்து முறுக்குகிறீர்கள். பெயின்ட் நாளாக நாளாக நசுங்கும். நசுங்கிய அளவுக்குப் போல்ட்டின் இழுப்பு குறையும். சேர்கிற முகத்தில் மட்டும் பெயின்ட் வேண்டாம், இரும்போடு இரும்பு உட்காரட்டும். ஸ்பிரிங் வாஷர் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள், அது பாதி பேரின் மன நிம்மதிக்கு மட்டும். தலையில் 8.8 என்று பலத்தின் எண் பொறித்த போல்ட்டையே வாங்குங்கள், 16 எம்எம் என்றால் சுமார் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு கேட்கும். ஸ்பேனரில் பைப் சொருகிக் குதிப்பதற்குப் பதிலாக ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவைத்தால் வாழ்நாளுக்கும் வரும். பிளேட் தடிமன் கூடும்போது போல்ட் நீளமும் கூட வேண்டும். வார்ப்பிரும்புக்குள் மரை, போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இறங்க வேண்டும். கம்பெனி போல்ட்டையே திரும்பப் போட்டு, நடுவில் 12 எம்எம் பிளேட்டையும் நுழைத்தால் மரையில் மிஞ்சுவது நாலு சுற்றுதான். அது பிடுங்கிக்கொண்டு வந்தால் பிளாக்கே வீண்.

இன்னொன்று. வார்ப்பில் இடது பக்கத் திமிலும் வலது பக்கத் திமிலும் ஒரே மட்டத்தில் இருக்காது. இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். சட்டத்துக்கும் ஹவுசிங்குக்கும் சந்து தெரிந்தால் அதைப் போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள். வண்டி உங்கள் பட்டறையில் நிற்கும்போதே ஹவுசிங்கை வளைத்துவைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சந்துக்கு ஷிம், அதாவது மெல்லிய தகடு, வெட்டி வையுங்கள், தகரம் வெட்டக் கால் மணி நேரம்.

வெல்டிங்கைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுத்தால் சிரிப்பீர்கள், அதனால் சுருக்கமாக. கிளட்ச் ஹவுசிங் மேலும் ஆக்ஸில் ஹவுசிங் மேலும் நேரடியாக வெல்டிங் வைக்காதீர்கள், எந்த ராடு வைத்தாலும். வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஆறும்போதே கீறல் விடும். ஆக்ஸிலை யூ-போல்ட்டால் அணைத்துப் பிடிக்கலாம். பிளேட்டில் எண்ணெய் வடிகட்டிக்கு ஜன்னல் வெட்டும்போது மூலையைச் சதுரமாக வெட்டாமல் உருட்டி விடுங்கள். விரிசலுக்குச் சதுர மூலை என்றால் வெற்றிலைப் பாக்கு வைத்து அழைத்த மாதிரி. அப்புறம், வண்டி மேலேயே வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

ஜன்னல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு வண்டியில் என்ஜின் ஆயில் பில்டருக்குச் சரியாக எதிரே லோடர் பிளேட். ஸ்ட்ராப் ரெஞ்ச் நுழைய இடமில்லை. பில்டர் மாற்ற 14 போல்ட் கழற்ற வேண்டும். அதனால் யாருமே மாற்றவில்லை. ஆயில் மட்டும் மாற்றி மாற்றி இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். கடைசியில் அந்தப் பில்டரை நான் கழற்றியபோது உள்ளே காகிதம் கூழாகியிருந்தது. அளவெடுக்கும்போது பில்டர், டிப் ஸ்டிக், செல்ப் மோட்டார், பேட்டரி, முன் ஆக்ஸில் ஆடுகிற நடு ஆணிக்கு கிரீஸ் வைக்கிற நிப்பிள் ஆகிய இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு அதற்கப்புறம் பிளேட்டை வரையுங்கள். அந்த நடு ஆணி முக்கியம். மூன்று பங்கு பாரம் ஏறுவது அதன் மேல்தான், கிரீஸ் இல்லாமல் தேய்வதும் அதுதான்.

பின் எடைக்கு வருகிறேன். லோடர் விற்கும்போது பின்னால் எடை கட்டச் சொல்வதில்லை, பலர். சொல்லுங்கள். 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி, உள்ளே கம்பி வைத்துக் கான்கிரீட் போட்டால் சுமார் 240 கிலோ. அதைப் பின்னால் கலப்பை மாட்டுகிற லிங்க்கில் மாட்டினால் மேலே சொன்ன வண்டியில் முன் ஆக்ஸிலிலிருந்து 130 கிலோவுக்கு மேல் இறங்கும், பின் சக்கரம் 375 கிலோவைத் திரும்பப் பெறும். பிரேக் பிடிக்கும், சரிவில் பின்பக்கம் தூக்காது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, எனக்கே இது புரிய நாளாயிற்று. முன்னால் பக்கெட், பின்னால் கான்கிரீட். காவடித் தண்டின் இரண்டு முனையிலும் குடம் தொங்குகிற மாதிரி. ஆக்ஸிலுக்கு நிம்மதி, டயருக்கு நிம்மதி, நடுத்தண்டுக்கு மட்டும் வளைவு இன்னும் கூடுகிறது. குட்டையான பிரேமோடு, "எடை கட்டியாச்சு, இனிப் பயமில்லை" என்று கூடுதலாக அள்ளுகிற வண்டிதான் சீக்கிரம் ஒடிகிறது. எடையும் வேண்டும், ஆக்ஸில் வரைக்கும் போகிற பிரேமும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சொல்ல முடியாது.

பெருமைக்குச் சிலிண்டரைப் பெரிதாக்குவதையும் நிறுத்துங்கள். "எங்கள் லோடர் அறுநூறு தூக்கும், அவனுடையது நானூறுதான்" என்ற போட்டியில் 50 எம்எம் சிலிண்டர் 63 ஆகிவிடுகிறது. 150 பார் அழுத்தத்தில் 50 எம்எம் சிலிண்டர் தள்ளுகிற விசை சுமார் மூன்று டன். 63 எம்எம் என்றால் நாலரை டன்னுக்கும் மேல். பம்ப் அதே பம்ப்தான், அதனால் தூக்குகிற வேகம் குறையும், டிரைவர் ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதிப்பான். ஹவுசிங்குக்கு நீங்கள் சிலிண்டர் மாற்றிய சேதி தெரியாது. உங்கள் பிரேம் எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கு வால்வில் ரிலீப் அழுத்தத்தை (அதற்கு மேல் போனால் எண்ணெய் திரும்பி வழிந்துவிடுகிற அளவு) கட்டி, "இத்தனை கிலோ, பின்னால் இத்தனை கிலோ எடையோடு" என்று தூணில் ஒரு தகடு அடித்துவிடுங்கள். உரிமையாளர் மீறினால் அது அவர் பாடு.

பக்கெட்டின் ஒரு மூலை தென்னங்கட்டையில் மாட்டுவதை மறந்துவிட்டேன். நேராகத் தூக்கும்போது இரண்டு கையும் பங்கு போட்டுக்கொள்ளும். மூலை மாட்டினால் முழுப்பாரமும் ஒரு கைக்கு, ஒரு தூணுக்கு, ஒரு பிளேட்டுக்கு. அந்த நேரத்தில் இடது தூணையும் வலது தூணையும் இணைக்கிற குறுக்குக் குழாய் இருந்தால் மறுபக்கமும் கை கொடுக்கும். என்ஜினுக்கு முன்னால் ஒன்று, முடிந்தால் கியர் பாக்ஸுக்கு அடியில் ஒன்று. அடியில் போடுகிற குழாய் ஆயில் டிரெயின் பிளக்கை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கும் என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

பின்னால் லிங்க்கிலேயே தோண்டுகிற கையை மாட்டிக்கொடுக்கும் அண்ணன்மார்களுக்குத் தனி மடல் எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும். டாப் லிங்க், அதாவது லிங்க்கின் மேல் தண்டு, பிடிக்கிற அந்த வார்ப்புக் காது தோண்டுவதற்கு என்று செய்தது அல்ல.

டிராக்டர் கம்பெனிக்காரர்களிடமும் ஒரு கேள்வி நியாயமாகக் கேட்க வேண்டும். கூட நின்று நீங்களும் கேளுங்கள். வெளியார் லோடர் மாட்டினால் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிடுகிறார்கள், அது சுலபம். எந்த ஓட்டையில் பிடிக்கலாம், அதன் அளவு என்ன, அது எவ்வளவு தாங்கும் என்று மாடலுக்கு ஒரு பக்க வரைபடம் கொடுத்தால் இந்த மடலில் பாதிக்குத் தேவையே இருந்திருக்காது. வண்டியை அரசு பரிசோதிக்கிறது, மத்தியப் பிரதேசம் புத்னியில் அதற்கென்றே நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கே போகிறது வெறும் டிராக்டர். நீங்கள் மாட்டித்தருகிற லோடரோடு சேர்ந்த டிராக்டரை யாரும் பார்ப்பதில்லை. உங்களுக்குப் பிறகு பார்க்கிற முதல் ஆள் நான்தான்.

கடைசியாக, வண்டியைக் கொடுக்கும்போது உரிமையாளரிடம் இரண்டு தேதி சொல்லி அனுப்புங்கள். பத்து மணி நேரம் ஓடியதும் ஒரு தடவை, ஐம்பது மணி நேரம் ஓடியதும் ஒரு தடவை, எல்லாப் போல்ட்டையும் மறுபடி முறுக்க உங்களிடமே கொண்டுவர வேண்டும் என்று. வந்தால் டீ வாங்கிக்கொடுத்து, அப்படியே ஓட்டைகளையும் ஒரு பார்வை பாருங்கள்.

நார் மில் வண்டி இன்னும் இரண்டு துண்டாக என் கொட்டகையில்தான் நிற்கிறது. புது ஹவுசிங் வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். பழைய ஹவுசிங்கை எடைக்குப் போடவில்லை, சாக்பீஸ் கோட்டோடு சுவரோரம் சாய்த்துவைத்திருக்கிறேன். உரிமையாளர் இந்தத் தடவை ஆக்ஸில் வரைக்கும் பிரேம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு வேலை குறைவு. வண்டி பிரிந்து நிற்கும்போது வந்தால் உள்ளே வெளியே எல்லாம் அளவெடுக்க வசதி. டேப்பும் சாக்பீஸும் இங்கே இருக்கின்றன, அட்டை மட்டும் கொண்டுவாருங்கள், பிளேட் வரைந்துகொள்ள.

இப்படிக்கு,
உங்கள் லோடர்களைக் கழற்றிக் கழற்றி மாட்டும் ஒரு மெக்கானிக்